அப்பா இழுத்தும் வராத வண்டி

எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு ரசிகர்கள் உண்டு, நம்புகிறவர்கள் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த அணியில் நிறுத்தினாலும் அந்த அணிக்காகவே பிறந்தவள் போலப் பேசுவாள் என்று கல்லூரி மேடைகளில் பெயர் வாங்கியவள் நான். இல்லறம் இனிப்பது பேச்சினாலே என்று ஓர் ஊரில் முழங்கிவிட்டு, அடுத்த வாரமே வேறோர் ஊரில் மௌனத்தினாலே என்று முழங்கி, இரண்டு இடங்களிலிருந்தும் பொன்னாடையோடு திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருத்தி தன் தந்தையிடம் போய், "உங்க காலுக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்று சொன்னால், அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

அப்பாவுக்கு அடி அண்ணாமலையில் சிறிது நிலம் உண்டு. கொல்லி என்பார் அதை. நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும், நாள்தோறும் காலையில் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தம் பழைய மோட்டார் சைக்கிளில் போய், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைச் செடியைப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் வண்டி அது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டால் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார். பிறகு ஒரு நாள் வரப்பில் வழுக்கி விழுந்து, வலது முழங்கால் எலும்பை உடைத்துக்கொண்டார் அப்பா. அறுவை சிகிச்சை நடந்தது. கட்டில், பிறகு ஊன்றுகோல், பிறகு கைத்தடி என்று மாதங்கள் போயின. கடைசியில் மருத்துவர் கைத்தடியையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இனி வண்டியே ஓட்டலாம் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை, அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரம். அப்பா மெல்ல வாசலுக்கு இறங்கினார். எங்கள் வீட்டின் முன்தளத்திலிருந்து தெருவுக்கு இறங்கும் சிமென்ட் சரிவில், தெருவைப் பார்த்தபடி, உறை போர்த்தப்பட்டு நின்றது வண்டி. அவர் உறையின் பின்பாதியை மட்டும் தூக்கினார். இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வண்டியை முன்தளத்துக்கு ஏற்ற, வலது காலை ஊன்றி இழுத்தார். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடியும் இழுத்தார். அசையவில்லை. பின் சக்கரத்தை ஒரு முறை பார்த்தார். தம் முழங்காலை ஒரு முறை பார்த்தார். உறையை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். சன்னலருகே நான் நிற்பதைக் கண்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "காலு போயிடுச்சிம்மா. அம்மாகிட்ட சொல்லாத."

அன்று மாலையே எங்களுக்கு மாமா முறையாகும் ஒருவரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். வீட்டில் கேட்டதற்கு, வயசாகிவிட்டது, பேருந்து இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது என்று காரணம் அடுக்கினார். அப்பா நிலத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். காலையில் எழுந்ததும் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் போய் அதே கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு முழங்கால்களும் நன்றாக இருக்கும் எனக்கும் அது அசையவில்லை. அப்படியானால் குற்றம் காலில் இல்லை, வண்டியில்தான் என்ற முடிவுக்கு வர எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. அந்த முடிவை முறையாகக் கட்டமைத்து, முன்னுரை, சான்று, முடிவுரை என்று அப்பாவின் முன் வைத்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, மிகுந்த அன்போடு, என் தலையில் கைவைத்தார்.

"நல்லா பேசறம்மா. நாளைக்கே என் காலு போச்சின்ற கட்சியில உன்ன நிறுத்தனாலும் இத விட நல்லா பேசுவ."

என் சொல்லைத் தவிர வேறொன்று அவருக்குத் தேவைப்பட்டது. அவர் கை இழுக்க, அந்த வண்டி வரவேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

சனிக்கிழமை காலையில் என் எதிரணித் தோழியை வரவழைத்தேன். அவள் ஒருத்தியைத்தான் மேடையில் நான் சற்று எச்சரிக்கையோடு எதிர்கொள்வேன். எங்களை ஒரே அணியில் யாரும் உட்கார வைத்ததில்லை. வைத்தால் மணி அடித்தாலும் நிகழ்ச்சி முடியாது என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் நகரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அங்கே வண்டி பிரித்துப் பழகியவள் அவள். ஸ்பேனர்கள், ரப்பர் சுத்தியல், உப்புத்தாள், கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் கல்லூரிப் பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். சன்னலுக்கு உள்ளே இருந்த அப்பாவுக்கு வணக்கம் சொன்னாள். அப்பா செய்தித்தாளுக்கு மேலே தலையசைத்தார். நாற்காலி மட்டும் சன்னலை நோக்கிச் சற்று நகர்ந்ததை நான் கவனித்தேன்.

உறையை முழுவதுமாக நீக்கினோம். கைப்பிடியில் காய்ந்த சாமந்தி மாலை ஒன்று சருகாகத் தொங்கியது. விளக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் உலர்ந்து வெடித்திருந்தன. வலது கைப்பிடியோடு பிரேக் லிவரைச் சேர்த்து, நெருக்கமாக, வரி வரியாக, ஒரு மஞ்சள் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. முடிச்சின் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

தோழி கத்தரிக்கோலை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அது பூசைக்குக் கட்டிய காப்பு. அம்மாவைக் கேட்காமல் அறுக்கக் கூடாது என்றேன்.

"காப்பு ஹேண்டில் பார்ல கட்டுவாங்க, கண்ணாடியில கட்டுவாங்க. பிரேக்க இழுத்துப் புடிச்சி யாராவது கட்டுவாங்களாடி?"

அவள் சொன்ன பிறகுதான் லிவர் அடிவரை இழுபட்டு நிற்பதைப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். மாவு பிசைந்த கையோடு வந்த அம்மா, உறையில்லாத வண்டியையும் எங்களையும் பார்த்தார். பிறகு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோல் வேண்டாம் என்று சொல்லி, நகத்தாலேயே முடிச்சை நெகிழ்த்தத் தொடங்கினார். அவிழ்த்தபடியே நடந்ததைச் சொன்னார்.

ஆயுத பூசை வந்தபோது அப்பா கட்டிலில் இருந்தார். அம்மா தாமே வண்டியைக் குழாய்நீரில் கழுவி, பொட்டிட்டு, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வது போல் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிக்குரியவர் ஏறி அதன் மேல் ஓட்டி, பழம் நசுங்கினால்தான் பூசை நிறைவு. உரியவருக்கோ எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பையன் தான் ஏறி ஓட்டிவிடுவதாகச் சொன்னானாம். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பழத்தை எடுத்துவிடவும் மனமில்லை. வண்டி நிற்பதோ சரிவில். ஆள் ஏறாமல் அதுவாகவே உருண்டு பழத்தை நசுக்கிவிட்டால் என்ன செய்வது? கையில் பூசைக்கு வைத்திருந்த மஞ்சள் கயிறு இருந்தது. பிரேக்கை இறுகப் பிடித்துக் கட்டிவிட்டார்.

"அவரு ஏறி நசுக்கட்டும்னு கட்டனேன்" என்று முடித்தார் அம்மா. "எப்ப ஏறுவாரோ அப்ப அவுத்துக்கலாம்னு இருந்தேன். விக்கறதுன்னு அவரே சொன்னப்புறம், கட்டி இருந்தா என்னா, அவுந்தா என்னான்னு உட்டுட்டேன்."

தோழி குனிந்து முன் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டாள். கறுத்துச் சுருங்கி, கோலி போல் கெட்டியாகிப்போன ஒரு எலுமிச்சம்பழம் அவள் உள்ளங்கையில் வந்தது. அப்போது சன்னல் பேசியது.

"நான் இழுத்தன்னிக்கு அந்தக் கயிறு இருந்துச்சா?"

அம்மா திரும்பிப் பார்த்தார். "எப்பங்க இழுத்தீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லலாம் என்ற பார்வை அது. நான் சொன்னேன். பால் வாங்கப் போன காலை, உறையின் பின்பாதி, கம்பி, முழங்கால், எல்லாவற்றையும் ஒரு அடைமொழியும் சேர்க்காமல் சொன்னேன். அம்மா பிரித்தெடுத்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். அவர் கண்கள் நிறைந்தன. ஆனால் அவர் குரலில் வந்தது கோபம்.

"நான் கட்டன கட்டுக்கு உங்க கால ஏன் குத்தம் சொன்னீங்க? ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா என்னா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார். "கயிறு ஒரு பக்கம் இருக்கட்டும். காலும் முன்ன மாதிரி இல்ல. ஓட்டறவனுக்குத் தெரியாதா" என்றார். ஆனால் அந்தக் குரலில் முந்தைய தீர்ப்பின் உறுதி இல்லை. மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும்: எதிரணி இன்னும் சரணடையவில்லை, ஆனால் குறிப்புச் சீட்டைத் தேடத் தொடங்கிவிட்டது.

கயிற்றை அவிழ்த்தால் லிவர் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைப்பிடியோடு ஒட்டியபடியே நின்றது. விரலால் நெம்பி வெளியே தள்ளினால் தொளதொளவென்று ஆடியது. சக்கரமோ பிடித்தபடியே இருந்தது. இங்கேதான் எனக்கும் அவளுக்கும் வழக்கமான சண்டை மூண்டது. கேபிள் துருப்பிடித்துத் தன் உறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, அதுதான் பிரேக்கை விட மறுக்கிறது என்றேன் நான். கேபிளும் கெட்டிருக்கலாம், ஆனால் சக்கரத்துக்குள்ளே, அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவே டிரம் என்ற வட்டக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது என்றாள் அவள். நான் அடுக்குமொழியில் இறங்கினேன். அவள் ஸ்பேனரை எடுத்து, சக்கரத்தருகே கேபிளின் முனையைக் கழற்றி, கீழே தொங்கவிட்டாள்.

"கேபிள் இப்ப வெளியில. உன் கட்சி சரின்னா சக்கரம் சுத்தணும். சுத்து."

அவளும் அம்மாவும் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ள, நான் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

"டெபாசிட் போச்சி" என்றாள் அவள், சன்னலுக்கும் கேட்கும்படி. உள்ளே அப்பா இருமினார். அது இருமல்தானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். தொங்கிய கேபிளை நான் இழுத்துக் காட்டினேன். அது உறைக்குள் கரகரவென்று பாதியில் நின்றது. என் கட்சிக்கும் பாதி வெற்றி உண்டு என்பதை அவள் ஒப்புக்கொண்ட பிறகே வேலையைத் தொடர விட்டேன்.

சரிவில் வைத்துச் சக்கரத்தைக் கழற்ற முடியாது. நாங்கள் இருவரும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்ள, அம்மா பின்னாலிருந்து இழுத்தார். பின் சக்கரம் ஒரு தடையும் இல்லாமல் உருண்டு, வண்டி முன்தளத்துக்கு ஏறியது. பிடிப்பு முழுவதும் முன் சக்கரத்தில்தான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஸ்டாண்டைப் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தினோம். அச்சை உருவி, சக்கரத்தைத் தனியே எடுத்துத் தரையில் படுக்க வைத்தோம். பிரேக்கின் மூடி சக்கரத்தைவிட்டு வருவேனா என்றது. தோழி, கேபிள் பூட்டியிருந்த அதன் சிறு கரத்தை என்னை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, டிரம்மைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓங்கி அடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஓங்கி அடித்தால் டிரம் விரியும் என்று தடுத்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு சட்டென்று ஒரு சத்தம். ஒட்டிய இரண்டு உலோகங்கள் பிரியும் சத்தம். மூடி கையோடு வந்தது.

உள்ளே செம்மண் கொட்டினாற்போல் துரு. கழுவிய நீர் உள்ளே தங்கியிருக்கிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையின் சாரலும் சேர்ந்திருக்கிறது. கயிறு இறுக்கிப் பிடித்த ஷூக்கள் ஈர டிரம்மை அணைத்தபடியே இருந்து, துருவோடு துருவாகப் பொருந்திவிட்டன. ஷூக்களை விரிக்கும் சிறு அச்சு ஒன்று உண்டு, கேம் என்பார்கள். அது கிரீஸ் வற்றி, தன் துளைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. லிவரை விட்டாலும் அது திரும்பாததற்குக் காரணம் இதுதான்.

தூசியை வாயால் ஊதப் போனேன். பிரேக் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று அவள் ஈரத்துணியைத் தந்தாள். அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுப்பை மறந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார். கேமைத் தட்டி வெளியே எடுத்து, உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தது நான். டிரம்மையும் ஷூக்களையும் தேய்த்தது அவள். கேமுக்கு நான் தாராளமாக கிரீஸ் எடுத்தபோது, விரல்நுனியளவு போதும், ஜாஸ்தியானால் உருகி ஷூவில் பட்டு, பிரேக்கே பிடிக்காமல் போய்விடும் என்றாள். அம்மா பக்கத்தில் இருந்தபடி, "எதுலயுமே அவளுக்குக் கம்மியா தெரியாதும்மா" என்று சாட்சி சொன்னார். கேபிளை அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த புதியதாகவே மாற்றினோம். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, முனையில் உள்ள நட்டைத் திருகித் திருகி, லிவர் சிறிது வெறுமனே நகர்ந்த பின்னர் பிடிக்கும்படி அமைத்தாள்.

உயர்ந்து நின்ற சக்கரத்தை நான் சுற்றிவிட்டேன். அது சுழன்றது. லிவரைப் பிடித்தேன், நின்றது. விட்டேன், லிவர் டக்கென்று தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடியும் சுற்றினேன். கம்பிகள் தெரியாதபடி சுழலும் அந்தச் சக்கரத்தின் முன்னால், நான் வாங்கிய எந்தக் கைதட்டலும் பெரிதாகத் தோன்றவில்லை.

வண்டியைச் சரிவில், அது எப்போதும் நின்ற இடத்திலேயே, தெருவைப் பார்த்து நிறுத்தினோம். இனி அப்பாதான் வரவேண்டும். கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். நீங்கள் மூவரும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டு, நான் இழுத்ததாகச் சொல்வீர்கள் என்றார். அதுவும் நியாயமான ஐயம்தான். நாங்கள் மூவரும் மதிலோரம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். தோழி, நடுவர் அவர்கள் ஆசனத்துக்கு வரலாம் என்று அறிவித்தாள்.

அப்பா இறங்கி வந்தார். அன்று பிடித்த அதே கம்பியைப் பிடித்தார். அன்று ஊன்றிய அதே வலது காலை ஊன்றினார். அன்றைய கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் சேர்த்து இழுத்தார். வண்டி குடுகுடுவென்று அவர் மேலேயே ஏறி வந்தது. தடுமாறி, பின்னால் ஓரடி வைத்தார். வலது கால்தான் அந்த அடியை வைத்தது. அந்தக் கால்தான் அவரையும் வண்டியையும் சேர்த்துச் சரிவில் நிறுத்தியது. நான் ஓடப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா வண்டியைக் கொஞ்சம் விட்டார், இழுத்தார், விட்டார், இழுத்தார். தொட்டில் ஆட்டுகிறவரைப் போல இருந்தது. என் வாழ்நாளில் பேசத் தோன்றாமல் நான் நின்ற மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று.

அம்மா உள்ளே போய்ப் புதிதாக ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன் சக்கரத்தின் முன்னால் வைத்தார். எண்ணெயும் பெட்ரோலும் பார்த்து, பல உதைகளுக்குப் பின் தோழி எஞ்சினுக்கு உயிர் கொடுத்தாள். அப்பா ஏறி உட்கார்ந்தார். முன் பிரேக்கை நான்கைந்து முறை பிடித்து விட்டுப் பார்த்தார். வலது காலால் பின் பிரேக்கைத் தொட்டார். முகம் லேசாகச் சுருங்கியது. பிறகு கிளட்சை விட்டார். பழம் நசுங்கிய சத்தம் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அம்மா மட்டும் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்.

தெருவின் கோடியில் பிள்ளையார் கோயில் திருப்பம். அங்கே அவர் வேகத்தைக் குறைப்பதும், சிவப்பு விளக்கு எரிவதும், திரும்பி மறைவதும் தெரிந்தது. அதன் பிறகு சத்தம் மட்டுந்தான். சத்தமும் தேய்ந்தது. முன் பிரேக் தெருவில் முதல் முறை எப்படிப் பிடிக்குமோ என்று தோழி தன் நகத்தைக் கடித்தாள். நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். அம்மா கையமர்த்தி, காதைத் தெருப்பக்கம் திருப்பினார். பெரிய சாலைப் பக்கமிருந்து வண்டிகளின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து எங்கள் வண்டியை முதலில் பிரித்தறிந்தவர் அம்மாதான். "வராரு" என்றார்.

அப்பா வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. எப்படி இருந்தது என்று நாங்கள் கேட்க, அவர் கேட்காதவர் போல் வலது காலைப் பெடலின் மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்துக் கொண்டிருந்தார். பிறகு தோழியைப் பார்த்துச் சொன்னார்:

"முன்னாடி பிரேக்கு நல்லா புடிக்குதும்மா. இந்தப் பின்னாடி பெடல மட்டும் ஒரு விரலு ஏத்தி வெச்சிடு. முட்டி அவ்ளோ தூரம் இறங்க மாட்டேங்குது. காலையில நான் கொல்லிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வேணும்."

தோழி ஸ்பேனரோடு அப்போதே மண்டியிட்டாள். அம்மா என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த மாமாவை அழைத்தபடி உள்ளே போனார்.